முதல் ஆண்டு கண்மாய்க்குப் பணம் குவிந்தது, நான்காம் ஆண்டு நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?

கரைமேடு (ஞாயிறு இரவு)

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் ஐந்து கண்மாய்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று நிறைந்து வழியும் மறுகால்தான் அடுத்ததற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. அந்த ஆண்டு ஐந்தும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. அந்த வேதனை மறக்காமல்தான் சில ஆண்டுகள் கழித்து நாங்கள் சிலர் சேர்ந்து குழு அமைத்தோம்.

முதல் கோடையில் பணம் வந்த வேகத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் அனுப்பினார்கள். ஜேசிபி வைத்துச் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தோம், கரையை உயர்த்தினோம், இரண்டு மடைகளைச் சீர்செய்தோம். பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஊர்வலம், மரக்கன்று நடவு, பனங்கொட்டை விதைப்பு என்று எல்லாம் நடந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள்.

கடந்த ஞாயிறு நான்கு பேர் வந்தோம். கையிருப்பில் ஒரு நாள் ஜேசிபி வாடகைக்குக்கூடப் பணம் இல்லை. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் இடுப்பளவு மறுபடியும் முளைத்திருக்கிறது. போன ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் மூன்றாம் கண்மாய் பாதிதான் நிறைந்தது. போய்ப் பார்த்தால், வரத்துக்காலில் ஓர் இடத்தில் மண் சரிந்து தண்ணீர் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மண்ணை இரண்டு ஆள் அரை நாளில் அள்ளியிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை.

எங்களுக்கு இப்போது வேண்டியது பெருந்தொகை அல்ல. ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் வரத்துக்காலை வெட்டிச் சீராக்கவும், மடைப்பலகையைப் பார்க்கவும், முளைத்ததைப் பிடுங்கவும் ஆகிற செலவு. இதற்கு நிலையான வருமானம் எங்கிருந்து வரும்? ஆட்களை எப்படித் திரும்பக் கூட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் விவசாயி (ஞாயிறு இரவு)

ஐயா, முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் கண்மாய்களின் மீன் பாசிக் குத்தகைப் பணம் எங்கே போகிறது? ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்பரப்பு, 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கும். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தினுடையது. இது தெரியாமல் மனு எழுதினால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டிவரும். நான் ஓர் ஆண்டு அலைந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா வைக்கிறோம். விடியும் முன்பே பக்கத்து ஊர்களிலிருந்து ஊத்தா, கச்சா, பரி என்று மீன்பிடிக் கருவிகளோடு கூட்டம் கரையில் நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். முன்பெல்லாம் இலவசம். இப்போது ஒரு ஊத்தாவுக்கு இவ்வளவு என்று கரையிலேயே மேசை போட்டுச் சீட்டுக் கொடுக்கிறோம். யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்தப் பணம் வேறு எதற்கும் போகாது, கண்மாய்க்குத்தான் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து எழுதி வைத்திருக்கிறோம். கால் வெட்டுகிற செலவில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடுகிறது.

மீதிக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் ஊர்வரி. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடும்போது, கண்மாய்க்கு என்று ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்குகிறோம். சாமிக்குக் கொடுக்க மறுக்காதவன் கண்மாய்க்கும் மறுக்க மாட்டான்.

நொய்யல் ஞாயிறு (திங்கள் காலை)

கோவையிலிருந்து எழுதுகிறேன். ஆள் கூட்டுவது பற்றி மட்டும் சொல்கிறேன், பண விஷயம் எனக்குத் தெரியாது.

இங்கே கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பு 2017-இல் தொடங்கி ஞாயிறுதோறும் களப்பணி செய்துவருகிறது. நான் அவ்வப்போது போய்வருகிறவன், நிர்வாகி அல்ல. அங்கே கற்றது ஒன்றுதான். எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்காமல் குறித்த நேரத்தில் வேலை தொடங்கிவிட வேண்டும். பத்துப் பேர் வந்தாலும் இருநூறு பேர் வந்தாலும் அந்த ஞாயிறு தவறக் கூடாது. "இந்த வாரம் ஆள் குறைவு, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று ஒருமுறை சொன்னால், வந்த நான்கு பேரும் அடுத்த முறை வர யோசிப்பார்கள்.

இன்னொன்று. வெள்ளலூர்க் குளத்தில் முதலில் கை வைத்தது குளத்துக்குள் அல்ல, நொய்யல் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் ராஜவாய்க்காலில். வாய்க்கால் சீரானதும் பல ஆண்டு காய்ந்து கிடந்த குளத்துக்குத் தண்ணீர் வந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். இன்று அந்தக் கரையில் மரக்காடு நிற்கிறது, வண்ணத்துப்பூச்சி பார்க்கக் குழந்தைகளோடு வருகிறார்கள். ஊர்வலத்துக்கு வந்த பிள்ளை மறுநாள் மறந்துவிடும். தண்ணீர் நுழைவதைப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது.

சிங்கை ராசு (திங்கள் மாலை)

நான் பணம் அனுப்பிய பக்கத்தில் இருப்பவன். உங்கள் ஊருக்கு அல்ல, என் சொந்த ஊர்க் கண்மாய்க்கு. மூன்று முறை அனுப்பினேன், நான்காம் முறை நிறுத்திவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், யாரையும் குறை சொல்வதற்காக அல்ல.

எனக்கு வந்தவை எல்லாம் புகைப்படங்கள். ஜேசிபி நிற்கும் படம், ஜேசிபிக்கு மாலை போட்ட படம், ஜேசிபி முன்னால் எல்லோரும் நிற்கும் படம். எத்தனை மணி நேரம் ஓடியது, மணிக்கு என்ன வாடகை, எடுத்த மண் எங்கே போனது என்று ஒருமுறை கேட்டேன். "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா தம்பி" என்று பதில் வந்தது. நம்பிக்கை இருந்ததால்தானே பணம் அனுப்பினேன்? நான் கட்டுமானத் தளத்தில் வெயிலில் நின்று சம்பாதிக்கிறேன். என் ஒரு மாதச் சேமிப்பு மண்ணாக எங்கே போனது என்று கேட்பது அவமானப்படுத்துவதா? அண்ணன் தம்பி உறவே அதில் கசந்துவிட்டது.

கரைமேடு ஐயா, உங்களுக்கு அனுப்பியவர்களும் அலுத்துப்போய் நிறுத்தியிருக்க மாட்டார்கள். கணக்கு வராததால் நிறுத்தியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கரைமேடு (திங்கள் இரவு)

ராசு தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் பழைய ரசீதுப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். வரவு முழுவதும் ரசீதில் இருக்கிறது. செலவுக்குப் பாதிதான் சீட்டு இருக்கிறது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அது எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் எங்கள் ஊர்ப்பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? நாங்கள் ஒருமுறைகூடக் கணக்கு அனுப்பவில்லை. தவறு எங்களுடையது.

ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர் (செவ்வாய் காலை)

ராசு கேட்டது புதிய கேள்வி அல்ல. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தலுக்காகப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதில் ஏரி வாரியம் என்று தனி வாரியமே உண்டு, பணிக்காலம் 360 நாள். அந்தக் கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தகுதியின்மைப் பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டும் அல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. பிறர் பொருளைத் திருடியவர் அந்தப் பட்டியலில் தனியாக வருகிறார், இங்கே கணக்குக் காட்டாதவர் என்றுதான் சொல்லியிருக்கிறது. இரண்டையும் அவர்கள் வேறு வேறாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஏரிப் பராமரிப்புக்கென்று நிலத்தையே ஒதுக்கிவைக்கும் வழக்கமும் இருந்தது, அதற்கு ஏரிப்பட்டி என்று பெயர். அந்த நிலத்தின் விளைச்சல் ஏரிக்குப் போகும். ஒருமுறை கொடுத்துத் தீர்ந்துபோகிற கொடை அல்ல, விளைந்துகொண்டே இருக்கிற கொடை. பொன் வைத்து அதன் வட்டியில் ஆண்டுதோறும் தூர் எடுக்க ஏற்பாடு செய்த கல்வெட்டுகளும் உண்டு. உங்கள் நான்காம் ஆண்டுச் சிக்கலை அவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

வரவு செலவு (செவ்வாய் பகல்)

நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சில செய்திகள்.

குழு பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ச் சங்கமாகவோ, அறக்கட்டளையாகவோ பதிவு செய்யலாம். பதிவு இல்லாமல் தனி ஒருவர் வங்கிக் கணக்கில் ஊர்ப்பணத்தை வாங்காதீர்கள். நல்லவராக இருந்தாலும் வேண்டாம். நாளை அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பணம் அவர் வாரிசுகளிடம் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

நன்கொடையாளருக்கு வருமான வரிக்கழிவு தரும் 80ஜி அனுமதியை வாங்கிவிட்டால் பணம் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நன்கொடையில் பாதித் தொகைக்குத்தான் வரிக்கழிவு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. புதிய வரித்திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை, சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் இப்போது அதற்கு மாறிவிட்டார்கள். ஆகவே அதை வைத்து ஆள் பிடிக்க முடியாது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதையே நம்பியிருக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம் வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அதே ஊர்க்காரர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் அவருடைய நூறு ரூபாயும் வெளிநாட்டுப் பங்களிப்புதான். அதற்கு எப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கு வேண்டும். சிறிய குழுக்கள் இது தெரியாமலே சட்டத்தை மீறிவிடுகின்றன. அனுப்புகிறவரிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேட்பதில் தவறில்லை, கேளுங்கள்.

ஆலைப்பகுதி அன்பு (செவ்வாய் இரவு)

எல்லோரும் சில்லறையாகவே பேசுகிறீர்களே. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி, அந்த வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தே ஆக வேண்டும். நீர்நிலை பாதுகாப்பு அந்தப் பட்டியலில் வருகிறது. ஒரு நிறுவனத்தைப் பிடித்தால் ஐந்து கண்மாயும் ஒரே ஆண்டில் முடிந்துவிடும். ஏன் தயங்குகிறீர்கள்?

கரைமேடு (செவ்வாய் இரவு)

அன்பு, தயங்கவில்லை, ஒரு நிறுவனம் வந்தது. பெயர் வேண்டாம். முதல் கண்மாய்க் கரையில் சிமெண்டு நடைபாதை, இரும்புக் கம்பி, மின்விளக்கு, நுழைவாயிலில் பெரிய பலகை என்று வரைபடம் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. வரத்துக்காலுக்கு என்ன திட்டம் என்று கேட்டோம். வரத்துக்கால் அவர்கள் வரைபடத்திலேயே இல்லை. மேலே மூன்று கிலோமீட்டர் முட்புதருக்குள் ஓடுகிற ஒரு பள்ளத்தில் பலகை வைத்து யார் பார்க்கப்போகிறார்கள்?

கரையில் நிற்கும் பனையும் கோரையும் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுச் சிமெண்டு போட ஊரில் பலருக்கு மனம் வரவில்லை. கடைசியில் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். குழுவில் இரண்டு பேர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

ஆலைப்பகுதி அன்பு (செவ்வாய் இரவு)

அப்படியென்றால் "இந்த வேலைக்கு மட்டும் தருவீர்களா" என்று நீங்களே வரைபடம் கொடுத்துக் கேட்டிருக்கலாம். நான் வேலை செய்யும் இடத்தில் அப்படிக் கேட்டு வந்த ஒரு குழுவுக்கு மதகு கட்டிக்கொடுத்தார்கள். பணம் கொடுப்பவன் வரைபடத்தோடு வருகிறான் என்றால் நம்மிடம் வரைபடம் இல்லை என்றுதானே பொருள்?

கரைமேடு (செவ்வாய் இரவு)

நீங்கள் சொல்வது உண்மைதான். எங்களிடம் வரைபடம் இல்லை.

கணியம்பாடி அக்கா (புதன் காலை)

வேலூர்ப் பக்கம். தம்பி, பணம் திரட்டுவதற்கு முன்னால் ஏற்கெனவே இருக்கிற பணம் எங்கே என்று பாருங்கள்.

எங்கள் பக்கத்து நாகநதி பல ஆண்டுகள் வெறும் மணலாகக் கிடந்தது. நூறு நாள் வேலையில் பெண்கள்தான் மழைநீரை நிலத்தடிக்கு இறக்கும் மீள்நிரப்புக் கிணறு தோண்டினார்கள், ஓடைகளில் கல் அடுக்கித் தடுப்புப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் வானொலியில் பேசியபோது அந்தப் பெண்களைப் பற்றிச் சொன்னார். அந்தக் கல் தடுப்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஓடையின் குறுக்கே பெரிய கல்லை அடியில் பதித்து, நடுவில் சற்றுத் தாழ்வாகவும் இரு கரையில் உயரமாகவும் அடுக்க வேண்டும். நடுவும் உயரமாகிவிட்டால் தண்ணீர் ஓரத்தைக் குடைந்துகொண்டு போய்விடும். முதல் ஆண்டு நாங்கள் அடுக்கிய ஒன்று அப்படித்தான் போனது. ஒரு மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் கல்லுக்குப் பின்னால் முழங்கால் அளவு மண் படிந்திருக்கும். அந்த மண் எல்லாம் கீழே உங்கள் கண்மாயில் போய்ப் படிந்திருக்க வேண்டியது. மேலே ஒரு நாள் கூலி, கீழே பல நாள் ஜேசிபி வாடகையை மிச்சப்படுத்தும்.

இதை ஊராட்சித் திட்டத்தில் சேர்க்கக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்றைக்கும் கூட்டம் உண்டு. வரத்துக்கால் எந்தச் சர்வே எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். "நீர்நிலைகளைத் தூர்வார வேண்டும்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் அந்தத் தாள் கோப்பில் கிடந்து மக்கிப்போகும்.

உங்கள் குழுவில் பெண்கள் எத்தனை பேர்?

பேராவூரணி கடைமடை (புதன் மாலை)

கஜா புயல் 2018 நவம்பரில் எங்கள் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகு, அடுத்த ஆண்டே இளைஞர்கள் சேர்ந்து 500 ஏக்கருக்கும் மேற்பட்ட பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரத் தொடங்கினார்கள். வீடு இழந்தவர்களும் நூறு, இருநூறு கொடுத்தார்கள். அன்றாடம் என்ன வந்தது, என்ன செலவானது என்று கைப்பேசியில் எல்லோருக்கும் போய்க்கொண்டிருந்தது. பணம் தொடர்ந்து வந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் பகுதியில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, நோட்டில் பெயர் எழுதி, மொய் வாங்குவார்கள். வாங்கியவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் திருப்பிச் செய்வார். குளத்துக்கே ஒரு மொய் விருந்து வைத்தால் என்ன என்று எங்கள் ஊரில் பேசிக்கொண்டிருக்கிறோம். மொய் என்றால் திருப்ப வேண்டுமே, குளம் எப்படித் திருப்பும் என்று ஒரு பெரியவர் கேட்டார். வண்டல் மண்ணாகத் திருப்பும் என்று இன்னொருவர் சொன்னார். விவசாயிகள் வயலுக்கு வண்டல் எடுக்க இப்போது வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம். மொய் நோட்டில் பெயர் இருப்பவர்களுக்கு அனுமதி மனு எழுதிக் கொடுப்பதும், வண்டியை வரிசைப்படுத்துவதும் குழுவின் வேலை. மண்ணுக்கு விலை வைத்தால் அது மணல் வியாபாரமாகிவிடும், அந்தப் பக்கம் மட்டும் போகக் கூடாது.

வவுனியாக் கமக்காரன் (புதன் இரவு)

வணக்கம். இலங்கையில் எங்கள் வன்னியிலும் குளங்கள் இப்படித்தான் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கமக்காரர், அதாவது விவசாயிகள், அமைப்பின் கூட்டம் நடக்கும். குளத்தில் எத்தனை அடி நீர் இருக்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் துருசு (மடை) திறப்பது, வாய்க்காலில் யாருக்கு எத்தனை பாகம் துப்புரவு என்று எல்லாம் அங்கேயே தீர்மானிக்கப்படும். வயலின் ஏக்கருக்கு ஏற்றபடி வாய்க்காலில் பங்கு. வர இயலாதவர் கூலிக்கு ஆள் விட வேண்டும் அல்லது பணம் கட்ட வேண்டும். கட்டாதவருக்கு நீர் கடைசியில்தான்.

எங்களிடம் வெளியிலிருந்து பணம் வருவது மிகக் குறைவு. யுத்த காலத்தில் ஊரே இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது குளக்கட்டில் மரம் வளர்ந்து காடாகக் கிடந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஊர்கூடிக் கூலியின்றி உழைக்கும் சிரமதானம் ஒன்றுதான். ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் தேங்காய், ஒரு வீட்டில் கருவாடு. பெரிய கிடாரத்தில் கட்டின் மேலேயே சமைத்தோம். அந்தச் சோற்றை உண்டவர்கள் எவரும் இன்றுவரை குளத்து வேலைக்கு வர மறுத்ததில்லை.

நீர்பாய்ச்சி பேரன் (வியாழன் அதிகாலை)

நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

என் தாத்தா நீர்பாய்ச்சி. அவருக்கு முன் அவர் அப்பா. எங்களுக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு குழிகூட நிலம் இல்லை. யாருடைய வயலுக்கு எத்தனை நாழிகை என்று பிரித்து விடுபவருக்கு நிலம் இருந்தால் தன் வயலுக்குச் சாய்ந்துவிடுவார் என்று காரணம் சொல்வார்கள். எங்களுக்கு நிலம் இல்லாமல் போனதற்கு உண்மையான காரணம் எங்கள் சாதி. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மழை இருட்டினால் தாத்தா வீட்டில் இருக்க மாட்டார். மண்வெட்டியும் அரிக்கேன் விளக்கும் எடுத்துக்கொண்டு வரத்துக்கால் ஓரமாக மேலே நடப்பார். எங்கே எலி வளை போட்டிருக்கிறது, எங்கே ஆடு மேய்ப்பவர்கள் தடம் போட்டுக் கரை தாழ்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நான் சிறுவனாக அவர் பின்னால் போயிருக்கிறேன். தண்ணீரின் முன்முனை காய்ந்த சருகைத் தள்ளிக்கொண்டு, நுரையோடு, மனிதன் நடக்கிற வேகத்தில் வரும். அதற்கு முன்னாலேயே அவர் நடப்பார், எதிரில் கிடக்கும் முள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டே. கண்மாய் நிறைந்த இரவில் மடைக்குள் மூச்சடக்கி இறங்கி அடைப்பைப் பார்த்துவிட்டு வருவார்.

கூலி களத்தில் நெல்லாக வரும். சிலர் மனமுவந்து அளந்தார்கள். சிலர் வீட்டு வாசலில் நிற்கவைத்து, நாளைக்கு வா என்றார்கள். மோட்டார் வந்தது, ஆளாளுக்குக் கிணறு ஆனது, நெல் நின்றது. என் அப்பா கட்டட வேலைக்குப் போனார். நான் படித்து வேறு ஊரில் இருக்கிறேன்.

கரைமேடு ஐயா, அந்த மண் சரிவை "யாரும் பார்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பார்ப்பதற்கென்று ஒரு மனிதர் இருந்தார். அவருக்குக் கூலி நின்ற நாளில் அந்தப் பார்வையும் நின்றது. ஜேசிபிக்கு மணிக்கு இவ்வளவு என்று தயங்காமல் கொடுக்கிற ஊர், நடந்து பார்க்கிற மனிதருக்குக் கூலி கொடுக்கலாம் என்று இந்த இழையில் இதுவரை ஒருவரும் எழுதவில்லை.

மேலூர் விவசாயி (வியாழன் காலை)

தம்பி, நான் எழுதியிருக்க வேண்டும். எங்கள் ஊரிலும் நீர்பாய்ச்சி இருந்தார். அவர் போன பிறகு நாங்கள் வேறு ஆள் வைக்கவில்லை. மீன் சீட்டு, தலைக்கட்டு வரி என்று பெருமையாக எழுதினேன், அந்தப் பணத்தில் முதல் செலவு அதுவாக இருந்திருக்க வேண்டும். அடுத்த ஊர்க்கூட்டத்தில் பேசுகிறேன்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை (வெள்ளி மாலை)

பள்ளி நிகழ்ச்சி பற்றி ஒன்று. ஊர்வலத்துக்குப் பதில் நாங்கள் கிணற்றை அளக்கிறோம். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டியிருக்கிறோம். மாதத்தின் முதல் வெள்ளி, ஊரில் ஐந்து கிணறு. பிள்ளைகள் கயிற்றை இறக்கி, ஈரம் எந்த முடிச்சு வரை என்று பார்த்து, பள்ளிச் சுவரில் கரியால் கோடு போடுகிறார்கள். கிணற்றடிக்குப் பெரியவர் ஒருவர் கட்டாயம் உடன் வர வேண்டும் என்பது எங்கள் விதி.

ஒரு கணக்கும் செய்கிறோம். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர். "டீச்சர், எங்கள் வயலில் நேற்று நாலு டேங்கர் லாரி பெய்திருக்கிறது" என்று ஒரு சிறுமி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். 10,000 லிட்டர் லாரிக்கு அது சரியான கணக்கு. அவள் அப்பா மறுநாள் பள்ளிக்கு வந்து சுவரில் இருந்த கோடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது எங்களுக்கு மழைமானி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

கரைமேடு (ஏழு மாதங்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஊர்க்கூட்டத்தில் முதலில் பழைய கணக்கை வாசித்தோம். சீட்டு இல்லாத செலவை "சீட்டு இல்லை" என்றே வாசித்தேன். ஒருவர் எழுந்து சத்தம் போட்டார், நியாயம்தான். அதன் பிறகு செயலாளர் பொறுப்பை நான் விட்டுவிட்டேன், இப்போது ஓர் அக்கா பார்க்கிறார். பதினொரு பேர் குழுவில் பெண்கள் ஐந்து பேர். கணியம்பாடி அக்கா கேட்ட அன்று ஒருவர்கூட இல்லை என்பதை எழுத வெட்கப்பட்டுப் பதில் போடாமல் இருந்துவிட்டேன்.

ஐந்து கண்மாய்க்கும் ஏக்கர் வரி போட்டோம். ஏற்றுக்கொள்ள வைப்பது எளிதாக இல்லை. கிணறு வைத்திருப்பவர்கள், நாங்கள் கண்மாய்த் தண்ணீர் பாய்ச்சுவதில்லையே என்றார்கள். அங்கே கைகொடுத்தது ஆசிரியையின் கயிறு. எங்கள் பள்ளியிலும் அளந்தோம். கண்மாய் நிறைந்த மாதம் கிணறு எத்தனை முடிச்சு ஏறியது என்று சுவரில் இருப்பதைக் காட்டினோம். எல்லோரும் இன்னும் கட்டவில்லை. நான்காம் கண்மாய்க்காரர்கள் ஒருவர்கூடக் கட்டவில்லை, பேச்சு நடக்கிறது.

அந்தப் பணத்தில் முதல் செலவு இரண்டு நீர்பாய்ச்சிகளுக்கு மாதக் கூலி. ஒருவர் பழைய நீர்பாய்ச்சியின் மகன், இன்னொருவர் ஆடு மேய்ப்பவர். மேலே ஓடை எங்கெங்கே திரும்புகிறது என்று அவர் ஆட்டோடு நடந்தே தெரிந்துவைத்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்லப் பள்ளிப் பிள்ளைகள் வரைந்ததுதான் இன்று எங்களிடம் இருக்கும் வரைபடம். அன்பு, அதை எடுத்துக்கொண்டு உங்களைப் பார்க்க வருகிறேன். இரண்டாம் மதகுக்கு மட்டும் உதவி வேண்டும், கரையில் சிமெண்டு வேண்டாம்.

வரவு செலவு சாவடிச் சுவரில் மாதந்தோறும் எழுதப்படுகிறது. அதையே படமெடுத்து வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறோம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களிடம் வாங்குவதில்லை, காரணத்தை எழுதிச் சொல்லிவிட்டோம்.

சிங்கை ராசு (அன்று மாலை)

உங்கள் சாவடிச் சுவரின் படத்தை இங்கே என் அறையில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர் காட்டினார். "மடைத்திருகுக்கு கிரீஸ் 180 ரூபாய்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அதையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார். இந்த மாதமும் அனுப்பியிருக்கிறார்.

நீர்பாய்ச்சி பேரன் (மறுநாள்)

ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒன்று கேட்கச் சொன்னார். கூலியை எங்கே வைத்துக் கொடுக்கிறீர்கள்? வீடு வீடாக வந்து நிற்கவைக்காதீர்கள், சாவடியில் எல்லோர் முன்னிலையிலும் கையில் கொடுங்கள் என்றார்.

கரைமேடு (மறுநாள் இரவு)

அப்பாவிடம் சொல்லுங்கள் தம்பி. இதுவரை வங்கியில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். இந்த மாதம் ஐந்தாம் தேதி சாவடியில் வைத்துக் கொடுக்கிறோம். அவரால் பயணம் செய்ய முடியுமானால் அன்று வரச் சொல்லுங்கள், மதுரை வரை நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.